மகள் வேலை செய்யும் கோட்டை நகரம்

விமானம் தாழ இறங்கத் தொடங்கியபோது யன்னல் பக்கம் இருந்தவள் என் மனைவி. "இஞ்ச பாருங்க, நம்மட களப்பு மாதிரி இரிக்கி" என்றாள். அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. அதன் கரையை ஒட்டி அறுவடை முடிந்த வயல்கள். வரம்புகள் நூல் பிடித்துக் கட்டியவை போல இருந்தன. தண்ணீரின் மேல் அங்கங்கே ஒற்றை ஆள் வள்ளங்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் நாங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியபோது மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே வானம் துடைத்து வைத்தது போலக் கிடந்தது.

அந்த நகரத்தின் பெயர் மட்சுயே. ஜப்பானின் மேற்குப் பக்கத்தில், ஏரிக்கரையில், நானூறு வருடப் பழைய கோட்டை ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊர். எங்கள் ஒரே மகள் அங்கே மூன்று வருடங்களாக வேலை செய்கிறாள்.

என்ன வேலை என்பதை இப்போது நேராகச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர். அவர்களைக் குளிப்பாட்டுவது, உணவு தீத்துவது, படுக்கையில் புரட்டிவிடுவது, மலசலம் துடைப்பது. இதை ஊரில் நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. "படிக்கப் போயிருக்கா" என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அவள் புறப்படுவதற்கு முன்பே எப்படியோ அறிந்துவிட்ட உறவுக்காரர் ஒருவர் என் காதில் விழும்படி, "கலியாணம் கட்டாத புள்ளைய, ஊர் பேர் தெரியாத கிழவன்மாருக்குப் பீ அள்ள அனுப்புறாரு" என்று சொல்லியிருந்தார். அதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நீர்ப்பாசன வேலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாவிதன்வெளிப் பக்கத்து வயல்காரர்கள் வாய்க்கால் மதகின் துருசு திறக்கும் நாளில் கத்தியும் மண்வெட்டியுமாக வந்து நின்றபோதெல்லாம் குரல் உயர்த்தத் தயங்காதவன். மகளின் வேலையைச் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை.

விமான நிலையத்தில் நின்ற மகளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முழங்கால் வரை நீண்ட குளிர்ச்சட்டை, தடித்த முக்காடு, முகக்கவசம். உம்மாவைக் கட்டிப்பிடித்தாள். என்னிடம் வந்து, "வாப்பா மெலிஞ்சிட்டீங்க" என்றாள். பிறகு பஸ் சாரதியிடம் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் சிரித்து, இறங்கி வந்து எங்கள் பெட்டிகளைத் தானே தூக்கி வைத்தார்.

அடுத்த நாள் காலையில் அவளுடைய சின்ன வீட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் உணவு மட்டிச் சூப். முதல் நாளே வாங்கி, மண் கக்கட்டும் என்று உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். எங்கள் பக்கத்து மட்டியைப் போல அல்ல, மிகச் சிறியவை. கறுப்பு ஓடு, பெருவிரல் நகத்தளவு. சோயா அவரையைப் புளிக்க வைத்து அரைத்த கூழைக் கொதிநீரில் கரைத்து, அதில் மட்டியைப் போட்டு, வாய் திறந்ததும் இறக்கிவிட்டாள். அவ்வளவுதான் சமையல். குடித்துப் பார்த்தேன். கடலும் இல்லை, ஆறும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ருசி.

"இது உப்புத் தண்ணி ஏரியா?" என்று கேட்டேன்.

"பாதி உப்பு வாப்பா. கடல் தண்ணி ஆத்து வழியா ஏறி வரும். மலைத் தண்ணி அங்கால இரிந்து வரும். ரெண்டும் கலக்குற இடத்துலதான் இந்த மட்டி இரிக்கும்."

மணல் மூடிய முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்டால் எங்கள் களப்பிலும் நடப்பது இதுதான். ஆனால் அவள் அடுத்துச் சொன்னது எனக்குப் புதிது. மட்டி அள்ளுகிறவர்கள் காலையில் குறித்த சில மணி நேரம்தான் அள்ளுவார்களாம். ஒரு வள்ளத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டாம். வாரத்தில் ஓய்வு நாட்களும் உண்டாம். எல்லாம் அவர்களே கூடிப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. விதைப்புக்கு முன் வயல்காரரைக் கூட்டித் தண்ணீர் முறை பேசி, அடுத்த வாரமே அதை மீறியவர்களின் பின்னால் சைக்கிளில் அலைந்த எனக்கு, அந்தக் கிண்ணத்தில் மிதந்த மட்டிகள் மேல் ஒரு மரியாதை வந்தது.

மனைவியின் கண் போனது வேறொன்றில். சோற்றின் மேல் மகள் தூவிய மெல்லிய சீவல்களை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "இது நம்மட மாசிக் கருவாடுதானே" என்றாள்.

"ஓம் உம்மா, அதே மீன்தான். இவங்க மரம் மாதிரி காய வெச்சி, சீவி எடுக்குறாங்க."

"இத வெச்சிக்கிட்டா நீ மூணு வருசமா மாசி அனுப்புங்க, மாசி அனுப்புங்க எண்டு சொன்ன?"

"அது சம்பலுக்கு" என்றாள் மகள்.

அன்றைக்கே கோட்டையைப் பார்க்கப் போனோம். மலை மேல் இருக்கும் கருங்கல் கோட்டைகளை மட்டுமே படங்களில் பார்த்திருந்தேன். இது மரக் கோட்டை. அடியில் சாந்து பூசாமல் அடுக்கிய பெரும் கற்கள். அதன் மேல் கறுப்புப் பலகை வேய்ந்த சுவர்கள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சிறகு விரித்தாற்போன்ற கூரைகள். மற்ற ஊர்களில் இப்படியான கோட்டைகள் நெருப்பிலும் சண்டையிலும் போய்விட, பலதைச் சீமெந்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்களாம். இது முதலில் கட்டிய அதே மரம். இதையும் ஒரு காலத்தில் உடைத்து விற்க இருந்தார்களாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டார்களாம். மகள் இதைச் சொன்னபோது "எங்கட ஊராக்கள்" என்றே சொன்னாள். மனைவி என்னைப் பார்த்தாள். 

வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பலகைத் தரை காலில் ஐஸ் போல ஏறியது. கீழ்த்தளத்தில் ஒரு கிணறு இருந்தது. கோட்டையை எதிரி வளைத்துக்கொண்டாலும் தண்ணீர் முடியாமல் இருக்க வெட்டியது. மற்றவர்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். நான் அதன் பக்கத்தில் நின்றுவிட்டேன். தண்ணீரைப் பற்றி முதலில் யோசித்துவிட்டு அதன் பிறகு சுவர் எழுப்பியவன் யாராக இருந்தாலும் அவன் என் இனம்.

படிகள் ஏணி போல நிமிர்ந்தவை. மனைவி இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். உச்சித் தளத்தில் நாலு பக்கமும் திறந்திருந்தது. தெற்கே ஏரி வெள்ளித் தட்டுப் போலக் கிடந்தது. அங்கே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல நின்ற ஒரு பெரியவர் மகளோடு பேச்சுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, திடீரென்று இடுப்பு வரை குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். பிறகு எங்களுக்கும்.

"என்ன கதைச்சாரு?" என்று கேட்டேன்.

"எங்க வேல எண்டு கேட்டாரு. சொன்னன்."

"அதுக்கு ஏன் அவ்வளவு குனியுறாரு?"

"அவர்ட உம்மாவும் ஒரு இல்லத்துலதான் இரிக்காவாம்" என்றாள் மகள். அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உம்மாவுக்கு ஏரியின் நடுவே தெரிந்த சின்னத் தீவைக் காட்டப் போய்விட்டாள். நான் மரக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு மூச்சில் அவளால் சொல்ல முடிந்ததை மூன்று வருடமாக நான் ஒளித்து வைத்திருந்தேன்.

பகல் சாப்பாட்டுக்கு "சோபா" என்றாள். மனைவி, "சோபாவ எப்படித் தின்ற?" என்று கேட்டாள். அது ஒரு வகைக் கருந்தானிய மாவில் செய்யும் நூடில்ஸ். இந்த ஊரில் தானியத்தை உமியோடு அரைப்பார்களாம், அதனால் நிறம் கறுப்பு, மணம் கூட. வட்டமான மூன்று சிவப்புத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். மேல் தட்டில் சாற்றை ஊற்றி உண்டு, மிஞ்சிய சாற்றைக் கீழ்த் தட்டில் ஊற்றி உண்ண வேண்டும்.

ஆனால் எங்கள் தட்டுகளோடு சாறு வரவில்லை. கடைக்காரப் பெண் மகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். மகள் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். கடைகளில் ஊற்றும் சாற்றில் அரிசி மது கொஞ்சம் சேர்ப்பார்களாம். வந்த முதல் மாதத்திலேயே அதை விசாரித்து அறிந்துகொண்டு, மது சேராத சோயாச் சாற்றைத் தேடி வாங்கி, காய்ந்த மீன் சீவல் போட்டுத் தானே காய்ச்சி எடுத்து வருகிறாள். "முதல் நாள் வெக்கமா இரிந்திச்சி வாப்பா. போத்தலோட வந்து கடையில இரிக்கிறது எண்டா. அந்த ஆன்ட்டி ஒண்டும் கேக்கல்ல. அடுத்த தரம் போகக்குள்ள, அவவாவே சாறு இல்லாமக் கொண்டு வந்து வெச்சா."

மூன்று தட்டையும் நான் முடித்தேன். மனைவி தன் மூன்றாவது தட்டையும் என் பக்கம் தள்ளினாள். அதையும் முடித்தேன். இடியப்பம் தின்று வளர்ந்தவனுக்கு அது ஒரு பெரிய வேலை இல்லை.

அந்த ஊரில் தேத்தண்ணி ஒரு பெரிய விசயம். பழைய காலத்தில் ஊரை ஆண்ட பிரபு ஒருவர் அதில் பைத்தியமாக இருந்தாராம். இன்றும் சாதாரண வீடுகளில்கூட பச்சைத் தேயிலைத் தூளை அடித்து நுரை எழுப்பிக் குடிக்கிறார்கள். கசப்பு. சீனி போடுவதில்லை. அதற்குப் பதிலாக முதலில் ஒரு இனிப்புத் துண்டு தருவார்கள். பச்சை மாத் தூவிய அந்தத் துண்டை மனைவி கடித்துவிட்டு, "தொதல். தேங்காய்ப்பால் போட மறந்த தொதல்" என்று தீர்ப்பு சொன்னாள். ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த தொதலை மறுநாள் மகளின் இல்லத்துக்குக் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இல்லத்தில் இருக்கும் மூன்று பேரைக் கோட்டை அகழியில் வள்ளத்தில் கூட்டிப் போகும் நாள் அது. பெற்றோர் வந்திருப்பதை அறிந்து எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மகளின் பொறுப்பில் இருந்தவர் தொண்ணூறைக் கடந்த ஒரு மூதாட்டி. முன்பு ஏரி மட்டியைக் கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றவராம். இப்போது நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. பல நாட்கள் வாய் திறக்கவே மாட்டார் என்றாள் மகள். அவர் என் மனைவியின் முக்காட்டை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டையைச் சுற்றி வரும் அகழி அது. கரையில் பைன் மரங்கள், பழைய போர்வீரர்களின் வீட்டுச் சுவர்கள். வள்ளத்துக்குள் பாய் விரித்திருந்தது. நடுவில் தாழ்ந்த மேசை, அதன் கீழ் ஒரு சூடேற்றி, மேலே தடித்த போர்வை. எல்லாரும் கால்களைப் போர்வைக்குள் நீட்டி உட்கார்ந்தோம். "வீட்டுல இப்படி ஒண்டு இரிந்தா நான் எழும்பவே மாட்டன்" என்றாள் மனைவி. நான் தண்ணீரின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏரி நீரை உள்ளே விட்டு ஓட வைக்கிறார்கள், தேங்கி நாற விடுவதில்லை என்று வள்ளக்காரர் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். எந்த இடத்தில் விடுகிறார்கள் என்று நான் கேட்டேன். அவள் கேட்டாள். அவர் சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் காட்டினார். தொழில் தெரிந்த இரண்டு பேர் மொழி இல்லாமலே கதைத்துக்கொள்ள முடியும் என்று அன்று கண்டேன்.

வழியில் பல பாலங்கள். சில மிகவும் தாழ்வானவை. அவற்றின் கீழ் போகும்போது வள்ளத்தின் கூரையே இயந்திரத்தால் கீழே இறங்கும். ஆட்கள் மேசையில் முகம் படக் குனிந்துகொள்ள வேண்டும். முதல் பாலத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே குனிந்தோம். மூதாட்டியும் குனிந்தார். இரண்டாவது தாழ்ந்த பாலம் இன்னும் ஒடுக்கம், உள்ளே இருட்டு. கூரை இறங்கத் தொடங்கியதும் அவருக்கு என்ன தோன்றியதோ, மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். கூரையின் சட்டம் அவர் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் "மகள்" என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை.

மகள் எழும்பவில்லை, அவரை இழுக்கவும் இல்லை. ஒரு கையை வள்ளக்காரரை நோக்கி உயர்த்தி ஒரு சொல் சொன்னாள். கூரை நின்றது. வள்ளமும் மெதுவாகியது. பிறகு தன் கன்னத்தை மேசைப் போர்வையில் வைத்துப் படுத்து, கீழே இருந்து அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினாள். மெல்லிய குரல், அவசரமே இல்லை. வீட்டில் உம்மாவோடு கதைப்பது போல. கொஞ்சம் கொஞ்சமாக மூதாட்டியின் கை மேசையிலிருந்து தளர்ந்தது. அவரும் தன் கன்னத்தை அவளுக்கு எதிராகப் போர்வையில் வைத்தார். மகள் தன் உள்ளங்கையை அவர் தலையின் மேல் குடை போலப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஒரு சொல் சொன்னாள். கூரை இறங்கியது. இருட்டுக்குள் அவர்கள் இரண்டு பேரின் குரல் மட்டும் கேட்டது. முதலில் மகளுடையது. பிறகு இன்னொன்று, உலர்ந்து கிரீச்சிட்டது.

வெளிச்சத்துக்கு வந்ததும் வள்ளக்காரர் திரும்பி மகளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"எங்க படிச்ச எண்டு கேக்குறாரு. நான் கதைச்சது புத்தகத்துல உள்ள ஜப்பான் பாசை இல்லயாம், இந்த ஊர்க் கதையாம். அவர்ட பேரப்புள்ளைகளுக்கே இது வராதாம்."

"நீ எங்க படிச்ச?"

"இவங்கக்கிட்டத்தான். இவங்களுக்குப் புத்தகப் பாசை சொன்னா முகத்துல ஒண்டும் வராது. ஊர்க் கதையில சொன்னா விளங்கும். நன்றி எண்டத்துக்கு இஞ்ச 'தந்தன்' எண்டு சொல்லுவாங்க. டோக்கியோவுல சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

நாங்களும் அப்படித்தானே. கொழும்பில் வாய் திறந்தால் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. என் மகள் இன்னொரு நாட்டில், அங்கும் ஒரு மூலையில், அந்த மூலைக்காரர்களின் சொந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூதாட்டி என்னைச் சுட்டிக் காட்டி அவளிடம் எதையோ கேட்டார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் மொழிபெயர்த்தாள். "தாடி வெச்ச அந்த ஆள் ஏன் நடுங்குறாரு, அவருக்கும் பயமா எண்டு கேக்குறா."

"என்ன சொன்ன?"

"என்ட வாப்பா எண்டு சொன்னன்."

அவர் தலையை ஆட்டினார். மடியிலிருந்த காகிதத்தில் மனைவி கொடுத்த தொதலில் பாதித் துண்டு மிஞ்சியிருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன். "தந்தன்" என்றேன். வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அகழித் தண்ணீரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மகளின் வேலை முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனோம். பகல் முழுக்க அவள் தொழுகைக்கு என்ன செய்கிறாள் என்று மனைவி விசாரித்துக்கொண்டே வந்தாள். துணி மடிக்கும் அறையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்திருக்கிறார்களாம், நேரமானால் மற்றவர்களே நினைவூட்டுகிறார்களாம். சூரியன் ஏரிக்குள் இறங்குவதைப் பார்க்க ஊர்ச் சனம் கற்படிகளில் வந்து உட்கார்ந்திருந்தது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். சின்னத் தீவின் பைன் மரங்கள் கறுத்து நின்றன.

அப்போது என் காக்கா, அதாவது அண்ணன், போனில் கோல் எடுத்தார். ஊரில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார். எனக்குப் பத்து வயது மூத்தவர், வாப்பா மௌத்தான பிறகு எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் பெரிய ஆள். சாப்பாடு, குளிர், உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டு, "மகள்ட படிப்பு எப்ப முடியுதாம்?" என்று கேட்டார்.

மனைவியும் மகளும் பக்கத்தில்தான் இருந்தார்கள். நான் எழும்பித் தள்ளிப் போகவில்லை.

"படிப்பு இல்ல காக்கா. வயசான ஆக்களப் பாக்குற வேல செய்றா. குளிப்பாட்டுறா, தீத்துறா, மலசலம் எல்லாம் துடைக்கிறா. மூணு வருசமா அதத்தான் செய்றா. நான் பொய் சொன்னன். இண்டைக்கு அவ வேல செய்றதப் பாத்தன் காக்கா. நான் முப்பது வருசம் செஞ்ச வேலய அப்படிச் செய்யல்ல."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். 

"தம்பி," என்றார் காக்கா, "எனக்குத் தெரியும். போன நோன்புப் பெருநாளைக்குப் புள்ளயே கோல் எடுத்துச் சொன்னது. வாப்பாவுக்குச் சொல்லாதீங்க, அவரா சொல்லட்டும் எண்டும் சொன்னது."

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பாதி ஊருக்குத் தெரியும். நான்தான் பள்ளிவாசல்ல சொன்னன். என்ட தம்பிட மகள் எண்டு சொல்லித்தான் சொன்னன்."

அவ்வளவு காலமும் நான் மூடி வைத்திருந்த பெட்டியில் ஒன்றுமே இல்லை. மகள் என் கையைப் பிடித்து, "வாங்க வாப்பா, மஃரிப் தொழுகைக்கு நேரமாகுது" என்று மட்டும் சொன்னாள். 

மிஞ்சியிருந்த நாட்களில் ஒரு கடைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து, மது தெளிக்காமல், காகிதத்தில் சுற்றிச் சுட்ட ஏரி மீன் சாப்பிட்டோம். கொடுவா மீனின் சாயல். முன்னொரு காலத்தில் மீனவர்கள் சாம்பலில் சுட்டுத் தின்றதைக் கண்டு பிரபு தனக்கும் வேண்டும் என்று கேட்க, சாம்பலோடு எப்படிக் கொடுப்பது என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்களாம். மனைவி சந்தையில் மட்டி வாங்கி, தேங்காய்ப்பால் பெட்டி தேடிப் பிடித்து, நம் பக்கத்து முறையில் பால் கறி வைத்தாள். மகளோடு வேலை செய்யும் நான்கு பெண்கள் வந்து, வியர்த்து, மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சட்டியை வழித்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த நாட்டு அரசாங்கம் பராமரிப்பாளர்களுக்கு வைக்கும் பெரிய பரீட்சையை மகள் எழுதினாள். அவர்களின் எழுத்தில், அவர்களின் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதி, முதல் தடவையிலேயே சித்தியடைந்தாள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும் அவள்தான்.

போன மாதம் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் அங்கே போனார்கள். ஒருத்தி நிந்தவூர், ஒருத்தி அக்கரைப்பற்று. போவதற்கு முன் அவர்களின் வாப்பாமார் இரண்டு பேரும் என்னிடம் வந்து, என்ன வேலை, எப்படி இடம் என்று கேட்டார்கள். ஒன்றும் விடாமல் சொன்னேன். போய்ச் சேர்ந்த அன்று மகள் ஒரு படம் அனுப்பினாள். ஏரிக்கரையில் மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரிக் குளிர்ச்சட்டை, முக்காடு, முகக்கவசம். நிந்தவூர்க்காரர் பதறிப்போய் எனக்குக் கோல் எடுத்தார்.

"இதுல என்ட மகள் எது?"

"இடது பக்கம் நிக்கிறது உங்கட மகள்," என்றேன். "நடுவுல நிக்கிறது என்ட மகள்."